புலிக்கு ஒருவர், ஆட்டுக்கு இருவர்

பங்குனிப் புனர்பூசத்தன்று திருமழபாடி கொள்ளாது. நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் அன்று கல்யாணம். மாப்பிள்ளை திருவையாற்றிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து வர வேண்டும். ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்’ என்பதால், வரன் தேடுகிறவர்கள் வெயில் சாய்வதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடுவார்கள். ஊரில் சொந்தம் இருப்பவர்கள் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொழுதுபோக்குவார்கள். எங்கள் திண்ணையில் அந்த நேரத்துக்கு அத்தை கரித்துண்டால் ஒரு முக்கோணம் இழுப்பார். மூன்று கூழாங்கல் புலிகள், பதினைந்து புளியங்கொட்டை ஆடுகள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு வழக்கும் தொடங்கிவிடும்.

“ரெண்டு பேரு ஆடுறதுதாம்மா ஆட்டம். மத்தவங்க வேடிக்கை பாக்கலாம்” என்பார் சித்தப்பா. “வேடிக்கை பாக்குறவனுக்கும் கை இருக்குல்ல?” என்பார் அத்தை. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் இருவருக்கு மட்டும் ஆட்டம் என்பது அவருக்கு ஒப்பாது. கூட்டம் சேர்ந்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்பது சித்தப்பாவின் கட்சி. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பலகையாட்டம் எத்தனை பேருக்கு உரியது, கூடுதலாக ஒருவர் உட்கார்ந்தால் அது வளர்கிறதா தேய்கிறதா என்பதை நம் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

எடைபோட மூன்று படிக்கற்களை வைத்துக்கொள்கிறேன். முதலாவது, உட்கார்ந்த ஒவ்வொருவரும் ஆட்டத்தின் போக்கை மாற்றக்கூடிய முடிவை எடுக்கிறாரா? இரண்டாவது, தன் முறை வராத நேரத்திலும் அவர் கண் பலகையில் இருக்கிறதா? மூன்றாவது, தோற்றவர் தன் தோல்விக்கான காரணத்தைத் தன் கையில் தேட முடிகிறதா? சிரிப்பும் சத்தமும் நிறைந்த ஆட்டங்கள் இந்த மூன்றிலும் தேறாமல் போகலாம். அவற்றை விளையாட வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கணக்கும் தந்திரமும் உள்ள ஆட்டம் என்று ஒன்றைச் சொன்னால், இந்த மூன்றையும் அதனிடம் கேட்டே ஆக வேண்டும்.

முதலில் ஆடுபுலியை இருவர் ஆட்டமாகப் பார்ப்போம். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நான்கு கோடுகள் கீழே இறங்குகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டும் ஒரு செவ்வகமும் அதன் நடுக்கோடும் சேர்ந்து மூன்று குறுக்குக் கோடுகள், ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளிகள். அடியில் நான்கு புள்ளிகள். ஆக 23 புள்ளிகள். புலி பக்கத்துப் புள்ளிக்கு நகரலாம், அல்லது ஒட்டி நிற்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி அதற்கு அப்பால் காலியாக உள்ள புள்ளியில் குதித்து வெட்டலாம். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். பதினைந்தும் இறங்கி முடியும் வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலிகள் மூன்றும் அசைய வழியில்லாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. எத்தனை ஆடு விழுந்தால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும்.

இந்தப் பலகையின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. ஓர் ஆடும் சாகாமல் எல்லாம் இறங்கிவிட்டால் பலகையில் 18 காய்கள் நிற்கும், காலியிடம் ஐந்துதான். விழும் ஒவ்வோர் ஆடும் புலிக்கு இன்னொரு வாசலைத் திறந்துவிடுகிறது. கோடுகளைத் தடவிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். செவ்வகத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு முனைகள், உச்சி என ஏழு இடங்களில் கோடுகள் வந்து முடிகின்றனவே தவிர ஊடுருவிப் போவதில்லை. ஊடுருவாத இடத்தில் தாண்டவும் முடியாது. அந்த ஏழில் வைத்த ஆட்டுக்கு ஆயுசு கெட்டி. உச்சியைப் புலி பிடித்துக்கொண்டால் மிச்சம் ஆறு. ஆக, பதினைந்தில் ஒன்பது ஆடுகளாவது ஆபத்தான இடத்தில்தான் நின்றாக வேண்டும், அவற்றின் முதுகை இன்னோர் ஆடுதான் காக்க வேண்டும். ‘முதுகு காலியா இருக்கிற ஆடு செத்த ஆடு’ என்று அத்தை சொல்வது இதைத்தான்.

முதல் இரண்டு படிக்கற்களிலும் இருவர் ஆட்டம் குறையில்லாமல் நிற்கிறது. மூன்றாவதில் மட்டும் ஒரு கேள்வி எழுகிறது. இரண்டு பக்கமும் சமமில்லையே, தோற்றது என் தவறா, நான் எடுத்த பக்கத்தின் தவறா? நேபாளத்தின் பாக் சால் இந்த ஆட்டத்துக்கு உறவு. 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் அது வெற்றி தோல்வி இல்லாமல் முடியும் என்று லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் ஆகிய ஆய்வாளர்கள் கணினியால் நிறுவினார்கள். காய்களும் நடையும் சமமில்லாத ஆட்டத்தில் முடிவு சமமாக இருக்கலாம் என்பதற்கு அது சான்று. நம் பலகை வேறு என்பதால் அந்த முடிவை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. திண்ணையில் அதற்கு எளிய தீர்வு உண்டு: பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் ஆடி, யார் குறைவாக ஆடு பறிகொடுத்தார் என்று எண்ணுவது. அப்படி ஆடினால் மூன்றாம் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. சித்தப்பாவின் கட்சி வலுவானதுதான்.

ஆனால் திண்ணையில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். நம் ஊர்களில் இதற்கு வழக்கமாக நடப்பது ஒன்றுதான். புலிப்பக்கம் ஒருவர், ஆட்டுப்பக்கம் ஊரே உட்காரும். “அங்க வைக்காத, வெட்டிருவான்” என்று நாலு குரல் எழும். பார்க்க உற்சாகமாக இருக்கும். முதல் படிக்கல்லில் வைத்தால் இது தாங்காது. நாலு குரலில் ஒரு குரல்தான் எப்போதும் ஜெயிக்கும், பெரும்பாலும் வயதில் மூத்த குரல். மற்றவர்களின் வேலை புளியங்கொட்டையை எடுத்துக் கொடுப்பதோடு முடிகிறது. இன்னொரு கேடும் உண்டு. இது மறைவே இல்லாத ஆட்டம், எல்லாம் பலகையில் வெளிச்சமாகக் கிடக்கிறது. ஒருவன் மனசில் போடும் திட்டம் ஒன்றுதான் மறைவானது. அதையும் ஆட்டுப்பக்கம் உரக்கப் பேசிவிட்டால் புலிக்கு யோசிக்கும் வேலையே மிச்சம். கூடிப் பேசி ஆடும் ஆடுபுலி நல்ல பொழுதுபோக்கு, ஆட்டமாக அது தேய்ந்தது.

மூன்று புலிகளையும் மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுப்பது சிறுவர்களுக்குப் பிடித்த வழி. அதுவும் நிற்காது. புலிப்பக்கத்தின் தந்திரமே ஒரு புலி போக்குக் காட்டி ஆடுகளை இழுக்க, இன்னொரு புலி வெட்டுவதுதான். ஆளுக்கொரு புலி என்றான பிறகு போக்குக் காட்டும் புலிக்காரர் பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அடைபட்ட புலிக்காரருக்கோ செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு மூளையின் மூன்று கைகளை வெட்டி மூன்று பேரிடம் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது.

மூன்றாவது ஒரு முறை இருக்கிறது. அத்தை ஒரு வருஷம் வழக்கை முடிப்பதற்காகச் சொன்னது: “ஆட்டுக்கு ரெண்டு பேரு. மாறி மாறி வையுங்க. வாயத் தொறக்கக்கூடாது.” அன்றிலிருந்து நான் பல முறை ஆடிப் பார்த்து எடைபோட்ட முறை இது. பதினைந்து ஆடுகளில் முதலில் வைப்பவருக்கு எட்டு, அடுத்தவருக்கு ஏழு. இறங்கி முடிந்த பிறகு நகர்த்துவதும் மாறி மாறித்தான். நான் வைத்த ஆட்டின் முதுகைக் கூட்டாளி காக்கப்போகிறாரா, வேறு மூலைக்குப் போய்விடுவாரா என்பது தெரியாது. அவர் ஏன் அங்கே வைத்தார் என்று யோசித்து, அவர் தொடங்கிய வேலியை நான் முடிக்க வேண்டும். முதல் கேள்விக்கு இங்கே தாராளமாக விடை இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கும் இருக்கிறது. என் ஆடு சாவதும் பிழைப்பதும் என் முறை வராத நேரத்தில்தான் முடிவாகிறது என்பதால் கண்ணை எடுக்கவே முடியாது.

மூன்றாவது கேள்விதான் சோதனை. இருவர் சேர்ந்து தோற்றால் தவறு யாருடையது? எந்த ஆடு முதலில் விழுந்தது, அதன் முதுகு எப்போது காலியாயிற்று என்று பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் ஒரு புள்ளியில் போய் நிற்கும். அந்தப் புள்ளியில் வைத்தவர் ஒருவர், காக்கத் தவறியவர் ஒருவர். தோல்வியின் காரணம் பாதி என் கையிலும் பாதி கூட்டாளியின் கையிலும் இருக்கும். ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தின் தெளிவு இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது பெரிது. ஒன்றின் முதுகை இன்னொன்று காப்பதால் மட்டுமே ஜெயிக்கும் கூட்டம் ஆட்டுக்கூட்டம். ஒருவரே பதினைந்து ஆட்டையும் வைக்கும்போது அது அவருடைய கணக்கு. இருவர் பேசாமல் வைக்கும்போது, பலகையில் ஆடுகளுக்கு நேர்வதே பலகைக்கு வெளியே மனிதர்களுக்கும் நேர்கிறது.

அப்படியானால் ஆட்டுக்கு மூவர், ஐவர் என்று கூட்டலாமே? பதினைந்து மூன்றாலும் ஐந்தாலும் மீதியின்றி வகுபடுகிறதே என்று கேட்கலாம். அசைவுகளை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒற்றைக்கு ஒற்றையில் இரண்டு அசைவுகளில் ஒன்று என்னுடையது. ஆட்டுக்கு இருவர் என்றால் நான்கில் ஒன்று. மூவர் என்றால் ஆறில் ஒன்று. என் இரண்டு முறைகளுக்கு நடுவே புலி மூன்று தரம் பாய்ந்திருக்கும், வேறு இரண்டு பேர் வேறு இரண்டு எண்ணங்களைப் போட்டிருப்பார்கள். திரும்பி வரும்போது என் திட்டம் செத்திருக்கும், நான் புதிதாக வந்தவனைப்போல் பலகையைப் பார்ப்பேன். திட்டம் உயிரோடிருக்கும் கடைசி எல்லை இருவர்.

பல்லாங்குழிக்கு வருவோம். இரண்டு வரிசை, ஏழேழு குழி, குழிக்கு ஐந்து என்றால் எழுபது முத்து. இது ஒருவர், இருவர், மூவர் என மூன்று விதமாகவும் ஆடப்படுவதால் நம் வழக்குக்கு நல்ல சாட்சி. அசோகவனத்தில் சீதை தனியாக ஆடினாள் என்று சொல்லி ஒருவர் ஆடுவதைச் சீதைப்பாண்டி என்பார்கள். எதிரி இல்லை, தோல்வி இல்லை. முத்துகள் குழிக்குக் குழி பெருகித் தேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் சுகம். போட்டியாக அதை எடைபோடுவது முறையில்லை. தனிமைக்குத் துணையாக அது முழுமையானது.

இருவர் ஆடும்போது தேர்வு மிகச் சுருக்கம். எந்தக் குழியிலிருந்து எடுப்பது, அவ்வளவே. ஏழுக்கு மேல் வழியில்லை. எடுத்த பிறகு கை தானாக ஓடும். முத்து தீர்ந்த இடத்துக்கு அடுத்த குழியை அள்ளி மேலே போவதும், அடுத்தது காலியாக இருந்தால் அதற்கு அடுத்ததை எடுத்துக்கொள்வதும், நான்கு சேர்ந்த குழியைப் பசு என்று அந்தக் குழிக்காரர் அள்ளிக்கொள்வதும் எல்லாம் முதல் தேர்விலேயே எழுதப்பட்டுவிட்டன. அந்த ஓட்டத்தைக் கடைசிவரை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க முடிகிறவர் ஜெயிப்பார். அடுத்த சுற்றில் தோற்றவரின் நிரம்பாத குழிகள் மூடப்படும். சமமாகத் தொடங்கிய இருவரில் ஒருவர் குழி இழந்து நிற்கும் இந்த முறையில் தனிச்சொத்தின் தோற்றத்தைப் படித்தவர் தொ. பரமசிவன். ஆட்டமாகப் பார்த்தால் அதுவே இதன் குறையும்கூட. ஒருமுறை சரிந்தவருக்குத் தேர்வுகளும் குறைந்துகொண்டே போகின்றன, முதல் படிக்கல் அவர் பக்கத்தில் தேய்கிறது. ஆனாலும் எதிர்க்குழியில் முத்து கூடுவதும் குறைவதும் தன் பிழைப்பாக இருப்பதால் கண் அகலாது. இருவருக்கு இது நல்ல ஆட்டம்.

மூவருக்கு? பதினான்கு குழி மூன்றால் வகுபடாது. நடுவிலுள்ள ஆறு குழி ஒருவருக்கு, இரு ஓரத்திலும் நான்கு நான்கு மற்ற இருவருக்கு என்று பிரிப்போம். குழிக்கு ஐந்து போட்டால் நடுவில் இருப்பவருக்கு முப்பது, மற்றவர்களுக்கு இருபது. சமம் செய்ய வேண்டுமானால் நடுவில் குழிக்கு நான்கு, ஓரத்தில் ஆறு என்று ஆளுக்கு இருபத்துநான்கு போடலாம். ஆனால் நான்கு என்பது பசு. ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவில் உட்கார்ந்தவர் ஆறு பசுவோடு உட்கார்ந்திருப்பார். நடுவில் இரண்டு, ஓரத்தில் மூன்று, ஆளுக்குப் பன்னிரண்டு என்று குறைத்தால் சமம் வருகிறது, ஆட்டம் ஓட்டம் பிடிக்கும் முன்பே வற்றிவிடுகிறது. மூன்றாமவருக்கு இடம் கொடுக்கப் பலகையே மறுக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று, மூவர் தனித்தனியாக மோதும் எல்லா ஆட்டத்துக்கும் பொது. தான் ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்த மூன்றாமவர் கையில், மற்ற இருவரில் யார் ஜெயிப்பது என்ற முடிவு போய்ச் சேர்ந்துவிடும். அவர் எந்தக் குழியை எடுக்கிறாரோ அதைப் பொறுத்து ஒருவருக்கு முடி. ஜெயித்தவர் தன் திறமையால் ஜெயித்தாரா என்பது தெரியாது, தோற்றவர் காரணத்தைத் தன் கையில் தேட முடியாது. மூன்றாம் படிக்கல் இங்கே உடைந்துவிடுகிறது. ஆடுபுலியில் மூவர் உட்காரும்போது இது நேராததற்குக் காரணம், ஆள் மூவரானாலும் கட்சி இரண்டாகவே இருப்பதுதான்.

நால்வருக்குத் தாயம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நானும் விரும்பி ஆடுகிறேன். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், வெட்டுக்குப் பயந்து கண் பலகையிலேயே கிடக்கும். ஆனால் தோற்றவர் குற்றம் சொல்வது கட்டையைத்தான். பழைய சதுரங்கத்திலும் இப்படி ஒரு பாடம் கிடைக்கிறது. ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நால்வர் பகடை உருட்டி ஆடிய சதுரங்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். ஆள் கூடிய இடத்தில் பகடையும் கூட இருந்தது. நாலு பேரும் வெறும் அறிவால் மோதினால் ஒருவரை மூவர் அமுக்கும் கசப்பு வந்துவிடும். பகடை அந்தக் கசப்பைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறது என்றே நான் படிக்கிறேன். அந்தச் சதுரங்கம் வழக்கொழிந்தது, இருவர் சதுரங்கம் உலகை ஆள்கிறது.

பகடையில்லாமல் பலர் ஆடுவதற்கென்றே பிறந்த ஆட்டமும் உண்டு. நம் வீடுகளில் சைனீஸ் செக்கர்ஸ் என்று அறியப்படும் நட்சத்திரப் பலகை, 1892இல் ஜெர்மனியில் உருவானது. 121 குழி, ஆளுக்குப் பத்துக் காய், ஆறு பேர் வரை ஆடலாம். இருவர் ஆடினால் இருபது காய்களுக்குப் பலகை பரந்து கிடக்கும், தாவப் படி கிடைக்காது. அறுவர் ஆடினால் நடுவில் நெரிசல், என் முறைக்குள் எல்லாம் மாறியிருக்கும். ஐவர் என்றால் எதிர் மூலை காலியாக உள்ள ஒருவருக்கு மட்டும் வழி எளிது. எத்தனை பேர் வேண்டுமானாலும் என்று அழைக்கும் ஆட்டமும் ஒவ்வோர் எண்ணிக்கையில் ஒவ்வொரு விதமாகக் கோணுகிறது.

சித்தப்பா தரப்பில் கடைசியாக ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடில் அணிக்கு அணி மோதியது நான்கு பலகைகளில். ஒவ்வொரு பலகையிலும் ஒருவருக்கு எதிரே ஒருவர்தான். ஆள் அதிகமானால் பலகையைக் கூட்டு, ஆட்டத்தைத் தொடாதே என்பது அதன் நியாயம். போட்டி நடத்தும் அரங்குக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆனால் கல்யாண வீட்டுத் திண்ணை அரங்கம் இல்லை. அங்கே நாலு பலகை வரைந்தால் நாலு மூலையில் நாலு சோடி முதுகு காட்டி உட்காரும். ஊரிலிருந்து வந்த பிள்ளையும் பாட்டியும் ஒரே பலகையைக் குனிந்து பார்ப்பதற்காகத்தான் அந்தக் கரிக்கோடே இழுக்கப்படுகிறது.

எல்லாவற்றையும் தராசில் வைத்த பிறகு என் தீர்ப்பு இது. இருவர் என்றால் ஆடுபுலியும் பல்லாங்குழியும் இரண்டும் சிறப்பு. தெளிவான வெற்றி தோல்வி வேண்டுவோர் பக்கம் மாற்றி ஆடும் ஆடுபுலியை எடுக்கலாம். மூவர் என்றால் பல்லாங்குழியைத் தள்ளிவைத்துவிட்டு, புலிக்கு ஒருவர், ஆட்டுக்கு இருவர், பேச்சில்லை என்று ஆட வேண்டும். நம்மிடம் உள்ள ஆட்டங்களில் மூன்று பேருக்கு இதற்கு நிகராக நான் கண்டதில்லை. நால்வர் என்றால் தாயத்தை அதிர்ஷ்டத்தின் ஆட்டம் என்று தெரிந்தே ஆடலாம். அதற்கு மேலானவர்கள் முறை வைத்துக்கொண்டு மாறி மாறி இறங்கட்டும். சித்தப்பா சொன்ன கட்டுப்பாடும் அத்தை கேட்ட இடமும் ஒருசேரக் கிடைப்பது இந்த மூவர் ஆட்டத்தில்தான்.

இவ்வளவையும் எழுதி வைப்பதற்குக் காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ராஜராஜ சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, பழைய சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைக்கவும் சொன்னான். ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. பிரிப்பதற்கு முன்னால் படியெடுக்க வேண்டும் என்ற பொறுப்பு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த ஊருக்குத் தெரிந்திருந்தது. ஆட்டங்களுக்கு அந்தப் பொறுப்பைத் தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ நூலில் ஏற்றார். ஆனால் ‘ஆட்டுக்கு ரெண்டு பேரு, வாயத் தொறக்கக்கூடாது’ என்பது போன்ற வீட்டு வழக்கங்கள் இன்னும் பெரியவர்களின் நாவில் மட்டுமே இருக்கின்றன. திண்ணைகள் இடிக்கப்பட்டு வருகின்றன. உங்கள் வீட்டில் எத்தனை பேர் சேர்ந்தால் எப்படி ஆடுவார்கள் என்று அத்தையிடமோ பாட்டியிடமோ இந்த வாரமே கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், எழுதியபடி ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள்.